தலைவி பறித்த கொழுந்து

பதவி வந்தால் சிலருக்குத் தலை கனக்கும். எனக்கு வாய் நீண்டது.

உலகப் பெண் ஆசிரியர் சங்கம் ஒன்றின் மலையகக் கிளைக்கு என்னைத் தலைவியாக்கிய அந்த மாதம், கால் தரையில் பாவவில்லை. திங்கட்கிழமை ராகலையில் வாசிப்புப் போட்டி, புதன்கிழமை நுவரெலியாவில் கூட்டம், சனிக்கிழமை கினிகத்தேனை வரை பஸ்ஸில் போய் உறுப்பினர் சேர்ப்பு. இடையில் பள்ளிக்கூடத்தில் பாடமும் நடத்தினேன் (என்றுதான் நினைக்கிறேன்). என் கணவர் சமையல் கற்றுக்கொண்டதும் அந்த மாதத்தில்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கனவு. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் சென்ற பழைய பிள்ளைக்காம்பரா எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பூட்டிக் கிடந்தது. அதைப் பெண் பிள்ளைகளின் படிப்பறையாக்க வேண்டும். உலகச் சங்கம் ஒரு நாட்டில் ஓர் இடத்துக்குத்தான் உதவும். விண்ணப்பத்தோடு தலைவியின் வாழ்க்கைக் குறிப்பையும் கேட்டார்கள். "கொழுந்து பறித்துக்கொண்டே படித்தவள் நான்" என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. (பறித்தது அம்மா. நான் லயத்து வீட்டில் உட்கார்ந்து படித்தேன், அவ்வளவுதான்.)

அந்த ஒரு வரியில் உருகிப்போய், உலகத் தலைவி ஹெலன் கனடாவிலிருந்து நேரில் வந்துவிட்டார். இடத்தைப் பார்த்தார், பிள்ளைகளோடு பேசினார். பிறகு, "நீங்கள் கொழுந்து பறிப்பதைப் பார்க்க ஆசை" என்றார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயிற்று. பட்டுச் சேலைக்கு மேல் சாக்கைச் சுற்றிக்கொண்டு தேயிலை மலையில் இறங்கினேன். என் கைகள் பறந்த வேகத்தைப் பார்த்து ஹெலன் கைதட்டினார். ஆசை தாங்காமல் அவரும் இறங்கி, பக்கத்தில் நின்ற பெண் காட்டியபடி தளிராகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கிள்ளினார்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளை என் பையைக் கொட்டி ஒரு பிடி எடுத்துப் பார்த்தார்.

"என்னா டீச்சர் இது? ஆட்டுக்கு ஒடிச்ச கொழையாட்டம் இருக்கு. எல்லாம் முத்தல். தொரசாணியம்மா பறிச்சத பாருங்க, அத ஃபெக்டரிக்கே அனுப்பலாம்."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "என்ன சொல்கிறார்?" என்றார் ஹெலன்.

"இருவரும் பறித்தது அருமையாக இருக்கிறதாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் செயலாளர் புஷ்பராணி ஆங்கில ஆசிரியை. அவள் இருமினாள்.

அந்த நேரம் பார்த்து அம்மா விருந்தாளிக்குத் தேநீர் கொண்டுவந்தார். "உங்கள் மகள் சின்ன வயதிலும் இப்படித்தான் பறிப்பாளா?" என்று ஹெலன் கேட்க, அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"இவளா? இவள நான் மலப்பக்கமே விட்டதில்லையே! ஒருநாளு கூடையத் தூக்கிக்கிட்டு வந்தா. அடிச்சு வெரட்டுனேன். இந்தக் கற என் கையோட போகட்டும்டி, ஒன் கையில சோக்குக்கட்டிதான் இருக்கணும்னு சொன்னேன்."

சிரிப்பு நின்றது. ஹெலன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். உண்மையைச் சொன்னால் படிப்பறை போய்விடும். பொய் சொன்னால் அது அம்மா சொன்ன பொய்யாகிவிடும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

அடித்து விரட்டியது உட்பட ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். "நான் எழுதியது பொய். ஆனால் இந்தப் பிள்ளைகள் பொய் இல்லை. அவர்களைக் கைவிடாதீர்கள்" என்றும் சொன்னேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஹெலன் அம்மாவின் கையைப் பிடித்து, கறுத்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "இன்றைக்கே குறிப்பைத் திருத்தி அனுப்புங்கள். அம்மா சொன்னதை அப்படியே எழுதுங்கள்" என்றார்.

அனுப்பினேன். படிப்பறை எங்களுக்கே கிடைத்தது! அன்று நான் போட்ட கூச்சல் அடுத்த தோட்டம் வரை கேட்டிருக்கும். திறந்து வைத்தது அம்மா.

ஆனால் என் மானம் போனது போனதுதான். கூட்டத்தில் நான் கொஞ்சம் பெருமை பேசினால் புஷ்பராணி காதருகே குனிந்து, "முத்தல கழிச்சுட்டு சொல்லுங்க டீச்சர்" என்பாள். வீட்டில் கணவரும் மகளும் அதையேதான் சொல்கிறார்கள்.

நேற்று இந்தக் கட்டுரையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

"பாதி முத்தல்" என்றார்.