ஆவணம் எண் ஒன்று

“உயிரோட இருக்கிறவங்க சொல்றதையெல்லாம் ஆதாரமா எடுத்துக்க முடியாது, ஸ்தமாத்தியா. செத்தவங்கதான் மாத்திப் பேச மாட்டாங்க.”

“அப்பா செத்து மூணு வருஷம் ஆச்சேண்ணா.”

“மூணு வருஷத்துக்குப் பேரு வரலாறா? அது பழைய பேப்பர்.”

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனிதகுலம் செய்த ஒரே உருப்படியான காரியம் தன் கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடித்ததுதான். இது கிரேக்க நாட்டுப் பத்ராஸ் நகர வம்ச ஆய்வுச் சங்கத்தின் கொள்கை. மேற்படி உரையாடல் அச்சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், வியாழன் காலை பதினொரு மணிக்கு, முப்பது உறுப்பினர்கள் முன்னிலையில் நடந்தது. பேசியவர் நிறுவனத் தலைவர் அனார்கிரோஸ். கறுப்பு உடையில், ஒரு கையில் ஒயின் பாட்டிலும் மறு கையில் மடித்த வெள்ளைத் துணியுமாக வாசலில் நின்றவர் அவருடைய தங்கை. நான் செயலாளர். ஆவணங்களைக் காட்சிக்கு வைக்கும் கண்ணாடிப் பெட்டியின் சாவி என் பொறுப்பு.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஆறு பக்க ‘தொடக்க வழிகாட்டி’ ஒன்று தருகிறோம். உங்களிலிருந்து தொடங்குங்கள், பிறகு அப்பா, அம்மா, ஒரு படிக்கு ஓர் ஆவணம், ஆவணம் இல்லாமல் அடுத்த படியில் கால் வைக்காதீர்கள். தலைவர் எழுதியதுதான். சாமானியர்களுக்காக எழுதியது. அவரோ மறுகோடியிலிருந்து தொடங்கினார். எழுநூறு வருஷத்துக்கு முன்பு பேரரசரின் வல்லூறுகளைக் காத்த பெருமகன் ஒருவரைப் பிடித்து, அங்கிருந்து கிளை கிளையாக இறங்கிவந்தார். கடைசி இருநூறு வருஷம் மட்டும் கிளையே இல்லாமல் காற்றில் தொங்கியது. தலைவர் அதைத் ‘தற்காலிக இடைவெளி’ என்று பதிவு செய்யச் சொன்னார். செய்தேன்.

அவர் அப்பா லெஃப்தேரிஸ் துறைமுகத்தில் உலர்திராட்சை மூட்டை சுமந்தவர். இது ஆய்வுக்கு இடைஞ்சல் என்று சிலர் நினைத்தார்கள். தலைவர் நினைக்கவில்லை. முன்னோர் கையில் வல்லூறு தாங்கினார், அப்பா தோளில் மூட்டை தாங்கினார். பரம்பரைக் குணம் ஒரு முழம் மேலே ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் கல்லறைத் தோட்டத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அதில் அப்பாவின் முழுப்பெயர், அப்பாவுடைய அப்பாவின் பெயர், பிறந்த ஊர், தேதி, முத்திரை. ஒரே தாளில் இரண்டு படி! தலைவர் கண்கலங்கினார். அன்றே அது ‘ஆவணம் எண் ஒன்று’ என்ற அட்டையோடு கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. கடைசி நான்கு வரிகளை யாரும் படிக்கவில்லை. அவற்றில் முன்னோர் யாருடைய பெயரும் இல்லை.

“நானே இன்னிக்குக் காலையில அப்பா கல்லறை விளக்குக்கு எண்ணெய் ஊத்தப் போனப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்” என்றார் ஸ்தமாத்தியா. “குழிக்கு வாடகை மூணு வருஷத்துக்குத்தானே, அது முடிஞ்சிருச்சாம். இன்னிக்குக் குழியைத் திறக்கிறாங்க. நாம போனா எலும்பை ஒயின்ல கழுவி, பேர் எழுதின பெட்டியில வச்சுத் தருவாங்க. போகலேன்னா பொதுக்கிடங்குல கொட்டிருவாங்க. பன்னெண்டு மணி வரைக்கும் பார்ப்பேங்கிறாரு காவலாளி.”

“போய் வாங்கிக்கோயேன்.”

“குழி உன் பேர்ல இருக்கு. அந்தக் கடிதத்துல நீ கையெழுத்துப் போட்டுத் தரணுமாம்.”

“அசல் ஆவணத்துல பேனா படக் கூடாது. நகல் எடுத்துட்டுப் போ.”

“நகலைக் கொண்டுபோனா அப்பாவோட நகலைத்தான் தருவாங்க.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதைக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை. ஆனால், விதி பதினொன்றின்படி காட்சியிலுள்ள ஆவணத்தை வெளியே எடுக்க ஏழு நாள் முன்னறிவிப்பும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் தேவை என்பதைச் சபைக்கு நினைவூட்டினேன். அந்த விதியை எழுதியவன் நான்.

“ஏழு நாளா” என்றார் ஸ்தமாத்தியா. “அப்பாகிட்ட சொல்லிப் பார்க்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னு.”

“வீட்டு விஷயத்தைச் சபைக்குக் கொண்டுவராதே, தங்கச்சி” என்றார் தலைவர். “குடும்பத்தைப் பத்திப் பேச வேண்டிய முக்கியமான நேரம் இது.” சொல்லிவிட்டுத் திரைப்பக்கம் திரும்பினார். பதினான்காவது படம்: வல்லூறின் இடது இறக்கை.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபத்தைந்து. கல்லறைத் தோட்டம் நான்கு தெரு தள்ளி இருக்கிறது. ஸ்தமாத்தியா அண்ணனைப் பார்க்கவில்லை. ஒயின் பாட்டிலை என் குறிப்பேட்டின் மேல் வைத்தார். தலைவரின் பேச்சுக்கு ‘வாரிசு உரை’ என்று நான் எழுதியிருந்த தலைப்பு அதன் அடியில் போனது.

“செயலாளர் ஐயா, எழுநூறு வருஷத்துக்கு முந்தி பருந்து வளர்த்தவன் பேரு உங்க நோட்டுல இருக்கு. பன்னெண்டு மணிக்கு மேல எங்கப்பாவும் உங்க இடைவெளிதான். அது தற்காலிகமும் இல்ல. கையெழுத்தை நான் வாங்கிக்கிறேன். நீங்க அந்தச் சாவியை மட்டும் குடுங்க.”