கரப்பான் மருந்தும் முன்பணமும்

சனிக்கிழமை காலையில் அப்பாவையும் அம்மாவையும் வீட்டைவிட்டுக் கிளப்ப வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாய் நிறைய பற்பசை நுரையோடு மனைவியிடம் கிசுகிசுத்தான். அந்த வீட்டில் ரகசியம் பேச வேறு இடம் கிடையாது. இருப்பது ஒரே படுக்கையறை. அது அப்பா அம்மாவுக்கு. கல்யாணமான நாளிலிருந்து இவர்கள் இருவருக்கும் ஹால்தான். ராத்திரி தண்ணீர் குடிக்கப் போகும் அப்பா இவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். "தூங்குங்க, தூங்குங்க" என்று சொல்லிக்கொண்டே தாண்டுவார். அந்தச் சத்தத்தில்தான் இருவருக்கும் விழிப்பே வரும்.

முதல்முறையாக வீடு வாங்குகிறவர்களுக்கு முன்பணத்தில் பாதியை அரசாங்கமே கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, இருவரும் மூச்சுக் காட்டாமல் விண்ணப்பித்திருந்தார்கள். சின்னதாக ஒரு வீடும் பார்த்தாகிவிட்டது. இனி பாக்கி ஒன்றுதான். விண்ணப்பித்தவர்கள் நிஜமாகவே வாடகை வீட்டில் இருக்கிறார்களா என்று ஓர் அதிகாரி நேரில் வந்து பார்த்துவிட்டுப் போவார். அவர் வருவது சனிக்கிழமை.

"நேரா சொல்லிடலாமேங்க" என்றாள் மனைவி.

"எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்றது? பாக்குறவங்ககிட்ட எல்லாம், என் பையன் எங்களை விட்டுப் போகவே மாட்டான்னு சொல்லிக்கிட்டுத் திரியறாரு அப்பா. முதல்ல வேலை முடியட்டும். அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்."

அன்று சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாக ஆரம்பித்தான். "அப்பா, சனிக்கிழமை நம்ம லிஃப்டைக் கழட்டி வேலை பாக்கப்போறோம். ஓடாது. நீங்க ரெண்டு பேரும் காலையிலேயே சித்தப்பா வீட்டுக்குப் போயிட்டா நல்லது."

அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டார். "லிஃப்ட் ஓடலைன்னா அஞ்சு மாடி யார் ஏறி வர்றது? நாங்க எங்கேயும் போகலை. நாள் முழுக்க வீட்டுலதான்."

மனைவி மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். மிதித்ததோடு நிற்காமல், காரியத்தைத் தானே கையில் எடுத்தாள்.

"இல்லை மாமா, அன்னைக்குக் கரப்பான் மருந்து அடிக்கவும் ஆள் வர்றாங்க. நெடி தாங்காது. உங்களுக்கு இருமல் வேற."

"நல்லதாப் போச்சு" என்றாள் அம்மா. "சின்னஞ்சிறுசுங்க நீங்க எதுக்கு அந்த நெடியில கிடக்கணும்? சினிமாவுக்கு எங்கேயாவது போயிட்டு வாங்க. நாங்க இருந்து பாத்துக்கறோம்."

"ஐயோ, வேண்டாம் அத்தை!"

"நீ சும்மா இரும்மா. மூஞ்சியில துணியைக் கட்டிக்கிட்டா தீர்ந்தது."

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்த மெக்கானிக், கதவைத் திறந்ததும் ஒரு அண்டாவில் இடித்துக்கொண்டான். அம்மா சமையலறை அலமாரி மொத்தத்தையும் காலிசெய்து ஹாலில் கொட்டியிருந்தாள். பீரோ ஒரு மூலையில் நின்றது. மெத்தைகள் சுருட்டிக் கட்டிக் கிடந்தன. பார்த்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு ஓடப்போகிற குடும்பம் மாதிரி இருந்தது.

"இங்கதான் குடியிருக்கோம்னு சொன்னா அந்த அதிகாரி நம்புவாரா?" என்று மனைவி குளியலறையில் அழாத குறையாகக் கேட்டாள்.

அதோடு விட்டதா? எதிர்வீட்டு டீச்சர் கதவைத் தட்டினாள். "மருந்து அடிக்கிறாங்களாமே, உங்க அம்மா சொன்னாங்க. எங்க வீட்டுக்கும் சேர்த்து அடிக்கச் சொல்லிடுங்க தம்பி. நாங்களும் எல்லாத்தையும் வெளியே எடுத்து வச்சுட்டோம்."

சனிக்கிழமை காலை ஐந்தாவது மாடியில் நடக்க வழியில்லை. டீச்சர் வீட்டுக் கட்டில் நடைபாதையில் நிமிர்ந்து நின்றது. அப்பா தேய்த்த சட்டை போட்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, அண்டாவுக்கும் பீரோவுக்கும் நடுவே காத்திருந்தார். பக்கத்தில் அதே கோலத்தில் அம்மா. மெக்கானிக் வேலைக்கும் போகவில்லை. லிஃப்ட் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் ஏன் கேட்கவில்லை என்றுதான் அவனுக்குப் புரியவில்லை.

அழைப்பு மணி அடித்தது.

அதற்குமேல் அவனால் முடியவில்லை. கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒரே மூச்சில் கொட்டினான்.

"அப்பா, மருந்தும் இல்லை, மண்ணும் இல்லை. நாங்க தனியா வீடு வாங்கறோம். அரசாங்கத்துல முன்பணத்துக்கு உதவி பண்றாங்க. வெளியே நிக்கறது அந்த அதிகாரி. உங்களை விட்டுட்டுப் போறோமேன்னு சொல்ல வாய் வரலை. மன்னிச்சுடுங்க."

அப்பா முகத்துத் துணியை மெதுவாக அவிழ்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"இதுக்காடா இவ்வளவு கூத்து?" அப்பா அவன் தோளில் தட்டினார். "நல்லா இருங்கடா. எங்களைப் பத்தி ஒரு கவலையும் வேண்டாம்."

"கோபம் இல்லையே மாமா?" என்றாள் மனைவி.

"கோபமா? வயித்துல பாலை வார்த்தேம்மா!" என்றாள் அம்மா.

மெக்கானிக்குக் கை காலெல்லாம் லேசாகிவிட்டது. இவர்களிடம் போய் இத்தனை நாள் பயந்தோமே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தான்.

தோளில் பையோடு ஒரு பெண் அதிகாரி நின்றிருந்தார். "மருந்து எங்கேம்மா?" என்று கேட்ட டீச்சரைத் தாண்டி, கட்டிலை ஒதுக்கி, அண்டாவைச் சுற்றி உள்ளே வந்தார். மெக்கானிக்கும் மனைவியும் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் போய் நின்றார்கள்.

"விண்ணப்பம் போட்டது நாங்கதான் மேடம்."

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கு பேரையும் ஒருமுறை பார்த்தார்.

"நீங்க ரெண்டாவதுப்பா. கொஞ்சம் இருங்க, தனி வீடு கேட்டு உங்க அப்பா அம்மா போட்ட விண்ணப்பத்தை முதல்ல முடிச்சுடறேன்."