பாப்பாவுக்கு எங்கேயிருந்து வந்தது?

"என்னங்க, மறுபடியும் தண்ணி மாதிரிப் போகுது," என்று யசோதினி உள்ளேயிருந்து சொன்னபோது, கணேஸ் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நின்றுகொண்டிருந்தான்.

பத்து மாதக் கைக்குழந்தை கேஷிகாவுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. கட்டுகஸ்தோட்டை டொக்டர் பார்த்துவிட்டு, "ரோட்டா வைரஸ் மாதிரி இருக்கு. ஜீவனிப் பக்கெட்டைத் தண்ணியில கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க, தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. பிள்ளை குடிக்க மறுத்தா, கண்ணு உள்ளே போனா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. எல்லாரும் சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்க. வாய் வழியாத்தான் இது உள்ள போகும்," என்றார்.

வேறொருவன் ஜீவனியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பான். கணேஸ், "அப்ப எங்கேயிருந்து வந்தது டொக்டர்?" என்று கேட்டான். டொக்டர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

ஆட்டோக்காரன் கணேஸுக்கு ஒரு கேள்வி முளைத்துவிட்டால் சோறு இறங்காது. யாராவது வெறும் கிளிக்கூட்டோடு ஆட்டோவில் ஏறினால், குட்ஷெட் பஸ் நிலையம் வருவதற்குள் அந்தக் கிளிக்கு என்ன ஆனது என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். பெற்ற பிள்ளை விஷயத்தில் சும்மா இருப்பானா?

முதல் சந்தேகம் தொட்டி. அவன் சுரண்டிய சுரண்டலில் அடியிலிருந்த சேறெல்லாம் கலங்கிக் குழாயில் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. அன்று முழுக்க வீட்டில் கை கழுவ நல்ல தண்ணீர் இல்லை.

"கை கழுவச் சொன்னாரு டொக்டரு. மச்சான் இருந்த தண்ணியையும் கெடுத்திட்டாரு," என்றாள் நிரோஷா. யசோதினியின் தங்கை; பிள்ளையின் துணி துவைத்துக் கொடுக்க ஹுன்னஸ்கிரியவிலிருந்து வந்திருந்தவள்.

வாயைத் திறந்ததும் அவளே இரண்டாவது சந்தேகமானாள்.

"நீதானே எந்நேரமும் பாப்பாவுக்கு முத்தம் குடுக்கிற?"

"முத்தம் குடுத்தா வயித்தால போகுமா மச்சான்?"

"வாய் வழியாப் போகும்னு டொக்டரே சொன்னாரே."

நிரோஷா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அதன் பிறகு யசோதினி புருஷனோடு பேசியதெல்லாம் பிள்ளையின் வயிற்றைப் பற்றி மட்டும்தான்.

உதவிக்கு ஆளில்லாமல் போக, அழுகிற பிள்ளையை அமர்த்துவது கணேஸின் பொறுப்பானது. அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வழக்கமாகப் பின்னேரம் தாயையும் பிள்ளையையும் பின் சீட்டில் ஏற்றி, தன் ஆட்டோவில் பாலர் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளின் வீட்டு வாசல்கள் வழியாக ஒரு சுற்றுப் போவான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ரெக்ஸின் சுற்றிய கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாலே கேஷிகா அழுகையை மறந்துவிடுவாள். இப்போது காலையில், அந்தப் பிள்ளைகளை ஏற்றப் போவதற்கு முன்னாலும் ஒரு சுற்று.

அப்படி ஒரு காலையில்தான் அது கண்ணில் பட்டது. கம்பியின் ரெக்ஸின் நெடுகக் கடிபட்டு, உள்ளேயிருந்த ஸ்பொஞ்ச் பிதுங்கிக் கிடந்தது.

"எலி," என்றான் கணேஸ். ஆளே பூரித்துப் போனான். "இப்ப பிடிபட்டுச்சா இல்லையா?"

பின் சீட்டுக்கு அடியில் கருவாட்டுத் துண்டோடு எலிப்பொறி வைத்தான். அதில் அகப்பட்டது அவன் கட்டைவிரல் மட்டுமே. இதற்குள் பாலர் பாடசாலைப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். கருவாட்டு நாற்றம் தாங்காமல்தான் நின்றுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, துண்டைச் சின்னதாக்கினான்.

மறுநாள் கேஷிகா பாலையும் ஜீவனியையும் துப்பினாள். கண்கள் குழிவிழுந்திருந்தன. அழுதால் கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தச் சின்னக் கையில் சேலைன் ஊசி ஏற்றினார்கள்.

"எங்கேயிருந்து வந்திருந்தாலும் பரவாயில்ல. புள்ள பிழைச்சாப் போதும்," என்றான் கணேஸ். யசோதினி அன்றுதான் அவன் கையைப் பிடித்தாள்.

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்தாள். அவளோடு கணேஸின் கேள்வியும் திரும்பி வந்துவிட்டது.

மறுநாள் காலை பாலர் பாடசாலைக்குப் போக மிஞ்சியிருந்தது நாலு வயது ஆஸிகா மட்டும்தான். வழியில் குடும்பநல மிட்வைஃப் சித்தி றலியா கை காட்டி ஏறினார்.

"மத்தப் புள்ளைகள் எங்க தம்பி?"

"எல்லாத்துக்கும் வயித்தால போகுதாம் மிஸ். இப்பத்தான் தாய்மார் சொல்றாங்க. எங்க பாப்பாவுக்கும் அதேதான். எங்கேயிருந்து வந்ததுன்னு தேடித் தேடிக் களைச்சுப் போயிட்டேன். ஒண்ணு, என் கொழுந்தியா நிரோஷா. இல்லாட்டி இந்த எலி. அந்தக் கம்பியப் பாருங்க, எப்படிக் கடிச்சு வச்சிருக்குன்னு."

சித்தி றலியா குனிந்து பார்த்தார். அந்த வேளையில் கம்பியில் ஆஸிகாவின் வாய் இருந்தது. அவள் வாயை எடுத்து, புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"எலி இல்ல அங்கிள். நாங்க எல்லாரும் முற வெச்சுத்தான் கடிக்கிற. பின்னேரம் பாப்பாட முற."