பல்லாவரத்துல ஸ்பெக்ட்ரம் அனலைசர் வாங்கின கதை

தொண்ணூறுகள்ல ஒரு சனிக்கிழமை. வேலை ஒண்ணே ஒண்ணுதான். பல்லாவரம் போய் பழைய ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒண்ணு வாங்கணும்.

அப்ப தாம்பரத்துல நான் ஒரு ஹாம் ரேடியோ பைத்தியம், அதாவது லைசென்ஸ் வாங்கி வீட்டுலேர்ந்தே வயர்லெஸ்ல பேசற ஆளு. மைக்ரோவேவ் டிரான்ஸ்மிட்டர் ஒண்ணு நானே கட்டி வெச்சிருந்தேன். அது எந்த அலைவரிசையில கத்துதுன்னு எனக்கே தெரியாது! அதைக் காட்டிக் கொடுக்கறதுதான் இந்த மெஷின். சிக்னல் இருந்தா திரையில ஒரு மேடு வரும். அவ்வளவுதான்.

புதுசு வாங்கணும்னா வீட்டை விக்கணும். அதான் பல்லாவரம் காயலான் கடை.

துணைக்கு நண்பன் செல்வராஜ். அவனும் ஹாம்தான். ஆனா விஷயம் தெரிஞ்ச ஹாம்.

கடைக்காரர் மாணிக்கம் அண்ணன் ரெண்டு மெஷினைக் காட்டினார்.

"மைக்ரோவேவ்னு போட்டுக்கீதே, சோறு சூடு பண்றதா சார்?"

"இல்லண்ணா, சிக்னல் பாக்கறது."

"இன்னாவோ, பாத்து எடு."

முதல் மெஷின்ல திரையே எரியல. ரெண்டாவது ஜம்முனு எரிஞ்சுது. செல்வராஜ் ஒரு முழம் ஒயரைச் சொருகினான். டிவி ஸ்டேஷன் சிக்னல் சின்னச் சின்ன மேடா எட்டிப் பாத்துச்சு.

"மச்சான், தங்கம்டா இது! நான் டீ சொல்லிட்டு வரேன். அதுவரைக்கும் எதையும் தொடாத!"

தொடாம இருந்திருக்கலாம். ஆனா மேடெல்லாம் ரொம்பக் குட்டி. வாங்கறவன் நான், ஒரு பெரிய மேடு பாக்க வேணாமா?

பையில என் வயர்லெஸ் செட் இருந்துச்சு. ஆன்டெனாவைக் கழட்டிட்டு, கேபிள் போட்டு நேரா மெஷின் வாயிலயே சொருகினேன். பட்டனை அமுக்கி கம்பீரமா "ஹலோ"ன்னேன்.

அடேயப்பா! திருநீர்மலை மாதிரி ஒரு மேடு!

"சூப்பரு சார்!"னு மாணிக்கம் அண்ணனே கை தட்டினார்.

அடுத்த நொடி மலையைக் காணோம். குட்டி மேடுங்களையும் காணோம். குறுக்கால ஒரே ஒரு கோடு.

டீயோட வந்த செல்வராஜ் கேபிளைப் பாத்தான். என்னைப் பாத்தான்.

"டேய்! காத்துல வர்ற தூசி மாதிரி சிக்னலைப் பாக்கற மெஷின்டா! அது வாயில முழு பவரையும் ஊத்திக் கருக்கிட்டியா?"

"ஹலோ மட்டும்தாண்டா சொன்னேன்..."

மெதுவா நழுவப் பாத்தேன். "அண்ணா, இதுல ஏதோ கோளாறு போல. இன்னொரு நாள் வரோம்."

"மலை மாரி மேடு வந்துச்சா இல்லியா சார்?"

"வந்துச்சு."

"அப்பால கோளாறு யாரு பண்ணது?"

"நான்தான்."

"அப்ப துட்டைக் குடுத்துட்டு வூட்டுக்கு எத்துக்கினு போ."

குட்டி யானை கனம். ஆளுக்கொரு பக்கம் புடிச்சு ஆட்டோல ஏத்தினோம்.

வாசல்லயே என் வீட்டம்மா கேட்டாங்க. "வேலை செய்யுதாங்க?"

"செஞ்சுது"ன்னேன்.

பழைய மெஷினை சோதிச்சுப் பாத்துதான் வாங்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் சோதிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு.