கேள்வி கேட்கும் மேடத்துக்குப் பாதிப் பழம்

படிக்கிறவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள். என்னைப் போன்றவர்கள் படிப்பதற்கான செயலிகளைத் தேடிக்கொண்டிருப்பார்கள். சிதம்பரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்த காலத்தில் என் போனில் அப்படி ஒன்பது செயலிகள். மேற்கோள் நூல்களை அடுக்க ஒன்று, குறிப்பெடுக்க இரண்டு, நேரத்துக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்ல ஒன்று. (தண்ணீர் குடித்தேன். நான்காம் இயல்தான் நகரவில்லை.) போன் ஒன்று போதும், லேப்டாப்பே வேண்டாம் என்று ஜூனியர்களைக் கூட்டிவைத்து வகுப்பெடுத்த பெருமையும் எனக்கு உண்டு.

என்னைக் கவிழ்த்தவை இரண்டு. ஒன்று, கவனம் சிதறாமல் இருக்க போனைப் பூட்டும் செயலி. ஒரு மணி நேரம் என்று வைத்துவிட்டால், நாம் அனுமதித்தவை தவிர எதுவும் வேலை செய்யாது. திரையில் வந்து விழும் தகவலை விரலால் தள்ளிவிடக்கூட முடியாது. இன்னொன்று, வேலைகளைப் பட்டியல் போட்டுப் பலர் சேர்ந்து பார்த்து, செய்தியும் போட்டுக்கொள்ளும் செயலி. அதில் அப்பாவையும் சேர்த்திருந்தேன்.

அப்பாவுக்குக் காடாம்புலியூரில் பலா மரங்கள். மே மாதம் வந்தால் டாக்டர், டெய்லர், லைன்மேன் என்று தெரிந்தவர்களில் ஒருவரும் பழம் வாங்காமல் தப்ப முடியாது. அந்த வருடப் பட்டியலைச் செயலியில் ஏற்றியது நான். என் ஆய்வுக் குழுவின் மூன்று பேரும் அதில் இருந்தார்கள். நெறியாளருக்குப் பெரிய பழம், துறைத் தலைவருக்கு நடுத்தரம். மூன்றாமவர் பக்கத்துத் துறைப் பேராசிரியை. என்னை எங்கே பார்த்தாலும் நிறுத்திக் கேள்வி கேட்பவர். அவருக்கு நேராக, 'கேள்வி கேட்கும் மேடம் – பாதி' என்று எழுதியிருந்தேன்.

அதே மாதம்தான் குழுவின் முன் ஆய்வுச் சுருக்கத்தை விளக்கும் நாளும் வந்தது. மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். கொடுத்தால்தான் ஜூனில் கடலூரில் ஒரு கல்லூரி வேலை. இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

வகுப்பெடுத்தவள் லேப்டாப் தூக்கிப் போகலாமா? போனையே புரொஜெக்டரில் மாட்டினேன். பூட்டும் செயலியை ஒரு மணி நேரத்துக்கு முடுக்கினேன். அன்றுதான் ஊரிலிருந்து பழ வண்டி கிளம்புகிற நாள்; அப்பா தவித்துப்போவாரே என்று ஸ்லைடுகளைத் தவிர பட்டியல் செயலிக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். (பாசம்.)

மூன்றாவது ஸ்லைடில், முந்திரி உடைக்கும் பெண்களின் கூலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, சுவர் அகலத்துக்கு அப்பா வந்தார்.

"வண்டி ஏத்தியாச்சு. சாருக்குப் பெருசு."

நெறியாளர் கூரையைப் பார்த்தார். நான் தகவலை விரலால் தள்ளிப் பார்த்தேன். போன் அசையவில்லை. அடுத்தது வந்தது.

"கேள்வி கேக்குற மேடத்துக்கு எதுக்கு பாப்பா பாதி? வெட்டுனா வண்டியெல்லாம் பால் ஒட்டும்."

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறைக்கு இருமுறை படித்தார். கேபிளைப் பிடுங்கலாம் என்பது ஒன்பது செயலி வைத்திருந்த மூளைக்குத் தோன்றவே இல்லை. சுவரை என் உடம்பால் மறைக்கப் பார்த்தேன். மூன்றாவது தகவல் என் துப்பட்டா மேல் வந்து விழுந்தது.

"கேள்வி கேக்குறவுங்களுக்குத்தான் பெருசா குடுக்கணும். மாத்திட்டேன். சாருக்குப் பாதி."

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். மேடம் எழுந்துவந்து கேபிளைப் பிடுங்கினார். என் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்தார்.

"இப்ப நீ சொல்லும்மா. அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும்."

எழுதி எழுதிச் சொன்னேன். பதினோரு கேள்வி கேட்டார். பதினொன்றுக்கும் பதில் எனக்குள்ளேயே இருந்தது எனக்கே ஆச்சரியம். மூன்று கையெழுத்தும் விழுந்தன. நான் பட்டம் வாங்கும்வரை குழுவில் யாரும் என்னிடம் ஒரு சுளையும் வாங்கக் கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அன்று வந்த பழங்களை ஜூனியர்கள் தின்று தீர்த்தார்கள். தின்றுகொண்டே செயலிகளைப் பற்றிச் சந்தேகமும் கேட்டார்கள். வலிக்கத்தான் செய்தது.

இப்போது கடலூரில் பாடம் நடத்துகிறேன், சாக்பீஸோடு. வீட்டுக்கு வருகிறவர் யாராவது இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டால், "இவுங்களுக்குப் பெருசா எடுத்து வை" என்று அப்பா உள்ளே குரல் கொடுப்பார். இந்த மே மாதமும் முதல் போன் சிதம்பரத்திலிருந்துதான் வந்தது.

"கேள்வி கேக்குற மேடம் பேசுறேன். இந்த வருஷம் எனக்கு முழுசா, பாதியா?"