வேலைக்குப் போன மேசை

"மேல எதையுமே வைக்கக் கூடாதுன்னா, அது எதுக்கு மேசை?"

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத் தேக்கு அடுக்குமேசைப் பாதுகாப்புச் சங்கத்தின் முதல் ஆண்டு விழாவில் இப்படிக் கேட்டவள் ஐந்து வயது ஆஸ்தா, உறுப்பினர் ஒருவரின் மகள். மனித நாகரிகத்தின் அடித்தளத்தையே அசைக்கும் கேள்வி என்பதால் சங்கம் அதை அலட்சியம் செய்யவில்லை. பதில் காண மூவர் குழு அமைத்தது. ஆஸ்தா இன்று பல் மருத்துவர். குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது.

அடுக்குமேசை என்பது மூன்று மேசை. பெரியதன் வயிற்றில் நடுத்தரம், அதன் வயிற்றில் சின்னது. விருந்தாளி வந்தால் இழுத்துப் போட்டுக் காப்பி வைக்கத்தான் எழுபது வருஷத்துக்கு முன்னால் தச்சர்கள் அவற்றைச் செய்தார்கள். அந்த அறியாமையிலிருந்து மேசைகளை மீட்டது சங்கம். உறுப்பினர்கள் இடது கையில் கோப்பையும் முழங்காலில் கேக்குமாக நாற்பது நிமிஷம் அசையாமல் உட்காரப் பழகியிருந்தார்கள். ஐரோப்பாவில் வேறெந்தச் சங்கமும் எட்டாத தேர்ச்சி அது.

செயலாளர் குட்ரூனுக்கு எழுபத்தொரு வயது. அவளுடைய மூன்று மேசைகளுக்கும் "குறையற்றது" என்ற பித்தளைத் தகடு கிடைக்கப் பதினோரு வருஷம் காத்திருந்தாள். சனிக்கிழமை பத்து மணிக்குப் பரிசோதனை.

வியாழக்கிழமை கீழ்வீட்டு ஏகோனைப் பார்க்கப் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மனிதர் நாற்காலியிலேயே கிடந்தார். தண்ணீர், மாத்திரை, வானொலி எல்லாம் தரையில்.

"குனிஞ்சா தலை சுத்துது, குட்ரூன். நேத்து தண்ணி எடுக்கக் குனிஞ்சு அப்படியே விழுந்துட்டேன்."

"ஒரு மேசை வாங்கிப் போடக் கூடாதா?"

"நாற்காலிக்கும் சுவத்துக்கும் நடுவுல இந்தச் சந்துல எது நுழையும்? உங்க மேசைங்க மாதிரி பொடிசா இருந்தாத்தான்" என்று சிரித்தார். "பயப்படாதீங்க, கேக்க மாட்டேன். மேலே கப்பு வைக்கிற முரடன் நான்."

குட்ரூனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு இடுப்பு முறிந்த குளிர்காலம் முழுக்க, இதே ஏகோன் மூன்று மாடி ஏறிப் பட்டாணி சூப்பை வாசலில் வைத்து, மணியடித்துவிட்டு ஓடிவிடுவார். மறுபடி சந்திக்கும்போது "போன தடவைக்கு நன்றி" சொல்லாத டேன்காரன் கிடையாது. அதைச் சொல்லவே விடாதவர் அவர் ஒருவர்தான். கண்ணில் பட்டாலே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

அன்றே குட்ரூன் அவசரக் கூட்டம் கூட்டினாள்.

"சின்ன மேசையை ஒரு நோயாளிக்குக் கொடுக்கலாமா?"

தலைவர் ப்ரேபென் கண்ணாடியைக் கழற்றினார். "கொடுத்தா, அது மேலே என்ன வைப்பாரு?"

"தண்ணி."

"தண்ணியா!" பொருளாளர் லிஸ்பெத் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "ஈரமான தண்ணியா?"

"மாத்திரையும் வைப்பாரு."

"என்னம்மா நீங்க?" என்றார் ப்ரேபென். "அறுபது வருஷமா ஒரு கறை பார்க்காத மேசை. அதைப் போய் மனுஷங்க கூட விடச் சொல்றீங்களே!"

விவாதம் இரண்டு மணி நேரம் நடந்தது. சங்கத்துக்கும் இதயம் உண்டு. ஏகோனுக்கு அந்த மேசையின் புகைப்படத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டு அனுப்புவதென ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு செயலாளருக்கு.

சனிக்கிழமை ப்ரேபென் கைவிளக்கு, பூதக்கண்ணாடி, வெள்ளைக் கையுறை சகிதம் குட்ரூன் வீட்டுக்கு வந்து தரையில் தவழ்ந்தார். பெரியது தேறியது. நடுத்தரம் தேறியது. சின்னதை முகர்ந்து பார்த்து, கண் கலங்கினார்.

"குட்ரூன், இது மேசையே இல்ல. குழந்தை. குறையற்றது! லிஸ்பெத், தகட்டை எடுங்க."

தகடு பளபளத்தது. குட்ரூன் கையில் கொதிக்கும் காப்பி. பதினோரு வருஷம் அவள் கண்முன்னே ஒருமுறை நின்றது. கோப்பையைச் சின்ன மேசையின் நட்டநடுவில் வைத்தாள்.

ப்ரேபென் கையிலிருந்த பூதக்கண்ணாடி நழுவித் தரையில் உருண்டது.

"குட்ரூன்! எடுங்க! எடுங்க அதை!"

"சூடு ஆறட்டும், தலைவரே."

ஆறியது. எடுத்தபோது தேக்கில் வெள்ளை வளையம், பௌர்ணமி நிலா மாதிரி. லிஸ்பெத் விசும்பினாள். ப்ரேபென் எழுந்து நின்று தலைகுனிந்தார். பிறகு பதிவேட்டில் எழுதினார்: "சின்ன மேசை, காலை 10.40க்குப் பயன்படுத்தப்பட்டது. இனி சங்கத்தின் பாதுகாப்பில் இல்லை. சங்கத்தின் ஆழ்ந்த இரங்கல்."

தகடு பெட்டிக்குள் திரும்பிப் போனது. உறுப்பினர்கள் கோப்பைகளைக் கையில் ஏந்தியபடியே துக்கம் விசாரித்துவிட்டுக் கலைந்தார்கள்.

பிற்பகலில் குட்ரூன் அவசரத்துக்கு வைத்திருந்த சாவியால் கீழ்வீட்டைத் திறந்தாள். ஏகோன் வாயைத் திறந்தபடி நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். சின்ன மேசையை அவர் கைக்கு எட்டும் தூரத்தில் நிறுத்தினாள். அளந்து செய்தது போல் சந்துக்குள் பொருந்தியது. வானொலி, மாத்திரை, ஒரு பாத்திரம் பட்டாணி சூப்பு, எல்லாம் மேலேறின.

"போன தடவைக்கு நன்றி" என்றாள், தூங்குகிறவருக்குக் கேட்காத குரலில். மழையைப் பற்றிப் பேச அவருக்கு வழியில்லை.

கிளம்பும்போதுதான் தண்ணீர் டம்ளர் ஞாபகம் வந்தது. பழைய வழக்கம் அவளை விடவில்லை. அடியில் வைக்க ஏதாவது தேடினாள். கைப்பையில் சங்கம் கொடுத்தனுப்பிய கண்ணாடிச் சட்டப் புகைப்படம் இருந்தது. அதை மேசைமேல் படுக்க வைத்து, டம்ளரை அதன்மேல் வைத்தாள்.

இருபத்தைந்து வருஷத்தில் சங்கம் ஒரு மனிதனுக்குச் செய்த முதல் உபகாரம் அது.