சாய்நாற்காலிக்குச் சீனச் சாத்திரம்

அலோர் காஜா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிற வீராசாமிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் அவனுடைய சாய்நாற்காலியின் தலையெழுத்து தெரிந்துவிடும்.

நாற்காலி என்றால் லேசுப்பட்டதா? பழைய துரை கப்பலேறிச் சீமைக்குப் போனபோது விட்டுப்போனது. பிரம்புப் பின்னல். காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ள முன்னால் நீண்ட கைகள். இருட்டோடு பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஓடி, மரம் மரமாய்க் குனிந்து நிமிர்ந்து, கங்காணி வாயில் விழுந்து எழுந்து வருகிற வீராசாமி, மத்தியானம் அதில் சாய்ந்தால் துரை. லயத்து வரிசைவீட்டு ஆட்கள் அவனை நின்று விசாரிப்பதே அந்த நாற்காலிக்காகத்தான்.

ஒரே ஒரு சங்கடம். வீடு ஒற்றை அறை. நாற்காலி உள்ளே வந்த அன்றே வீடு வெளியே போய்விட்டது. பிள்ளைகள் அதற்கடியில் படுத்தன. பெண்டாட்டி வேலாயி அடுப்பண்டை போக வேண்டுமென்றால் புருசன் காலைத் தாண்ட வேண்டும்.

"இன்னிக்கு அது போயாவணும். இல்ல, பக்கத்து வீட்டுக் காளியம்மாக்காவுக்குக் குடுத்துருவேன். கோழி அடையத் தோதா இருக்குமாம்" என்று விடியும்போதே சொல்லிவிட்டாள்.

"தொரை உக்காந்த நாற்காலியில கோழியா?"

"கோழியாச்சும் முட்டை வைக்கும்."

ஆனால் வீராசாமி சும்மா இருக்கவில்லை. டவுனில் ஆ செங் என்று ஒரு சீனக் கிழவர், தச்சர். கதவு எந்தப் பக்கம், கட்டில் எந்தப் பக்கம் என்று சாத்திரமும் பார்ப்பார். மளிகைக்கடைத் தவுக்கே, அதான் சீன முதலாளி, அவர் பேச்சைக் கேட்டு வாசலைத் திருப்பி வைத்தார், கடை தூக்கிக்கொண்டது. அதிலிருந்து வேலாயிக்கு அவர்மேல் சாமி அளவுக்குப் பக்தி. அந்தப் பக்தியைத்தான் வீராசாமி பிடித்தான். ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு போய்க் காலடியில் வைத்தான்.

"எங்க வீட்ல மரம் கொறச்சல்னு ஒரு வார்த்தை சொல்லணும் தவுக்கே."

"பொய் சொல்ல மாட்டேன்லா" என்றார் ஆ செங். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பாதித் தமிழ் வந்திருந்தது. "அஞ்சும் பாப்பேன். இருக்கிறத சொல்வேன்."

அஞ்சு என்றதும் வீராசாமி தலையாட்டிவிட்டான். நமக்கும் பூதம் அஞ்சுதானே! மண்ணு, தண்ணி, நெருப்பு, காத்து, ஆகாசம். சீனர்கள் நடுவில் மரத்தைச் செருகியிருப்பார்கள், அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டான்.

வெயில் தாழ ஆ செங் வந்தார். வட்டப் பலகையில் முள் ஆடுகிற கருவியைக் கையில் ஏந்தி நடுவீட்டில் நின்றார். வாசலில் காளியம்மா, அவளுக்குப் பின்னால் பாதி லயம்.

கிழவர் சுவரைத் தட்டினார். பலகை. தரையைப் பார்த்தார். அதுவும் பலகை. வீராசாமியும் கூடவே பலகைகளை எண்ணினான். இத்தனை மரத்தை வைத்துக்கொண்டு எப்படிக் குறைச்சல் என்பார்? பலாப்பழம் போச்சு, நாற்காலியும் போச்சு.

கிழவர் அண்ணாந்து பார்த்தார். தகரக் கூரை.

"மேல இரும்பு. ரொம்ப அழுத்துது. கீழ மரம் கொறச்சல். இந்த நாற்காலி போகக் கூடாது."

வீராசாமிக்கு உயிர் வந்தது. காளியம்மாவைப் பார்த்து மீசையை ஒதுக்கினான். "கேட்டியா வேலாயி? நானா சொல்றேன்? சாத்திரம் சொல்லுது."

வேலாயி பக்தியோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "சரிங்க தாத்தா. இருந்துட்டுப் போவட்டும். அந்த மரத்துக்கு ஆகாதது ஏதும் உண்டா? தெரியாத்தனமா செஞ்சிரக் கூடாது பாருங்க."

"இரும்பு ஆகாது. இரும்பு மரத்த வெட்டும்."

வீராசாமி திடுக்கிட்டான். இரும்பா? இவர் அஞ்சில் காற்று எங்கே? ஆகாசம் எங்கே?

"இரும்புன்னா சட்டி, அருவாமணை மட்டுமா தாத்தா? ஆளுங்கள்லயும் உண்டா?"

"உண்டு. என்னா வேலை செய்யிது, அது பாக்கணும்."

"அப்ப இவுரு?" புருசன் பக்கம் கையைக் காட்டினாள். "விடிஞ்சா கத்தி. வெட்டுறது பூராவும் மரம்."

கிழவர் வீராசாமியை மேலும் கீழும் பார்த்தார். வீராசாமி கண்ணால் கெஞ்சினான். பலாப்பழத்தைக்கூட ஜாடையில் காட்டினான். பொய் சொல்லத் தெரியாத மனுசர் உச்சுக்கொட்டினார்.

"ஐயோ தம்பி! நீ முழு இரும்பு. நீ உக்காந்தா அந்த மரம் செத்துப்போகும்."

"யோவ், அது ஏற்கெனவே செத்த மரம்யா!"

"சாத்திரத்துல குறுக்க பேசாதீங்க" என்றாள் வேலாயி.

"இவ மட்டும் என்னவாம்? இவளும் மம்பட்டி பிடிச்சவதான்!"

"அது போன வருசம். இப்ப நான் நாத்துமேடையில கன்னுக்குத் தண்ணி ஊத்துறவ தாத்தா. லயமே சாட்சி."

கிழவர் முகம் மலர்ந்துவிட்டது. "தண்ணியா? பாகுஸ்! ரொம்ப நல்லது! தண்ணி மரத்துக்கு அம்மா. நீ தினம் உக்காரு. வீடு நல்லாருக்கும்."

வேலாயி சேலையை உதறிச் செருகிக்கொண்டாள். நாற்காலியில் சாய்ந்தாள். ஒரு காலைத் தூக்கி நீண்ட கையில் போட்டாள். அப்புறம் இன்னொரு காலையும். பிரம்பு சுகமாய் முனகியது.

"அப்ப நான் எங்கய்யா உக்கார்றது?" வீராசாமியின் குரல் கிறீச்சிட்டது.

"கவலப்படாத தம்பி. உனக்கும் அம்மா இருக்கு" என்று ஆ செங் அவன் தோளைத் தட்டினார். "இரும்பு எங்க பொறக்குது? மண்ணுல."

வேலாயி கண்ணை மூடியபடியே வாசலுக்கு வெளியே விரலை நீட்டினாள்.

"அம்மா மடிதானே, வெக்கப்படாம உக்காருங்க."